தாயின் கடிதமும் தனயனின் வாக்கும்

பாராளுமன்றச் செய்தியாளர் மாடத்தில் நீண்ட காலம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் படிந்துவிடுகிறது. உறுப்பினர் ஒருவர் எவரும் எதிர்பாராத விதமாக மாறி வாக்களித்தால், அதற்கான காரணத்தை அவர் சொல்வதற்கு முன்னரே மாடத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். பதவி, பணம், பகை, பயம் என்ற நான்கினுள் ஏதோவொன்று அவரை அசைத்துவிட்டது என்பதே பொதுவான முடிவு. நானும் அவ்வாறு முடிவு கட்டியிருக்கிறேன். பல தடவைகள் அது சரியாகவும் இருந்தது. ஆனால், அந்த வழக்கத்தை ஓரளவுக்கேனும் சந்தேகிக்கச் செய்த ஒரு மனிதரைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். அமெரிக்காவின் டெனசி மாநில சட்டசபையில் 1919 தொடக்கம் 1923 வரை உறுப்பினராக இருந்த ஹரி தோமஸ் பேர்ன் என்பவரே அவர்.

ஓகஸ்ட் 26ஆம் திகதி 1973ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் பெண்கள் சமத்துவ தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் பேர்னின் கதை பத்திரிகைகளில் மீண்டும் தலைகாட்டும். பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒரேயொரு மாநிலத்தின் அங்கீகாரம் மாத்திரம் குறைவாக இருந்தது. டெனசி சட்டசபையில் வாக்குகள் சரிசமமாகப் பிளவுபட்டு நின்றன. திருத்தத்தை எதிர்ப்பவர்களின் சின்னமான சிவப்பு ரோஜாவை மேலங்கியில் குத்தியிருந்த 24 வயது இளைஞர் ஒருவரின் சட்டைப்பையில் தாய் எழுதிய கடிதம் இருந்தது. அவர் 'ஆம்' என்றார். கோடிக்கணக்கான பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இவ்வாறு போகும் அந்தக் கதை.

செய்தி ஆசிரியர் எவரும் விரும்பக்கூடிய கதை இது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும், இது பாதிக் கதை. மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் பேர்ன் தாய் சொல்லைத் தட்டாத நல்ல பிள்ளையாக மாத்திரமே எஞ்சுவார். அவர் உண்மையில் செய்த காரியம் அதைவிடச் சிக்கலானது. என்னைப் பொறுத்தவரை, அதைவிட மதிப்புக்குரியது.

அவர் 1895 நவம்பர் 12ஆம் திகதி கிழக்கு டெனசியில் மக்மின் மாவட்டத்தில், இன்று நயோட்டா என்று அழைக்கப்படும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் அந்த ஊர்ப் புகையிரத நிலையத்தில் பணியாற்றியவர், 1916இல் காலமானார். தாய் பெப் என்சிமிங்கர் பேர்ன் கல்லூரிப் படிப்புப் படித்தவர். நாளிதழ்களையும் சஞ்சிகைகளையும் தவறாமல் வாசிப்பவர். விதவையான பின்னர் பண்ணையை நிர்வகித்தவரும் அவரே. தமது பண்ணையில் கூலிக்கு வேலைசெய்யும் எழுத வாசிக்கத் தெரியாத ஆண்கள் வாக்களிக்கச் செல்ல, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் தாம் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் அவருக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. பெண் வாக்குரிமை இயக்கத்தின் மேடைகளில் ஏறியவர் அல்லர். வீட்டில் இருந்துகொண்டே விடயங்களைத் தெளிவாக விளங்கிக்கொண்டவர்.

மகன் புகையிரத சேவையில் வேலைசெய்துகொண்டே 1918 நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளராக மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். அப்போது வயது 22. ஒரு வாரத்தில் 23. சபையில் அவரே மிகவும் இளையவர். சட்டத்தரணியாகும் விருப்பத்துடன் ஹேர்ஷல் காண்ட்லர் என்ற மாநில செனட்டரிடம் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். இந்தக் காண்ட்லரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களின் வாக்குரிமைக்கான 19ஆவது திருத்தத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1919 ஜூன் 4ஆம் திகதி நிறைவேற்றியது. அப்போதிருந்த 48 மாநிலங்களில் 36 மாநிலங்களின் சட்டசபைகள் அதை அங்கீகரித்தாக வேண்டும். 1920 மார்ச் மாதம் வாஷிங்டன் மாநிலம் அங்கீகரித்தபோது எண்ணிக்கை 35 ஆகியது. ஜூன் மாதத்தில் டெலவெயர் நிராகரித்தது. தெற்கு மாநிலங்களில் பெரும்பாலானவை முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டன. மிஞ்சியிருந்தவற்றில் நம்பிக்கைக்குரியதாகத் தென்பட்டது டெனசிதான். ஆனால், அங்கும் ஒரு சட்டத்தடை இருந்தது. அரசியலமைப்புத் திருத்தமொன்று அனுப்பப்பட்ட பின்னர் தெரிவுசெய்யப்பட்ட சபை மாத்திரமே அதுபற்றித் தீர்மானிக்கலாம் என்று டெனசியின் அரசியலமைப்பு கூறியது. அதே ஜூன் மாதத்தில் ஒஹாயோ மாநிலம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, திருத்தங்களை அங்கீகரிக்கும் அதிகாரத்தை சட்டசபைகளுக்கு வழங்குவது கூட்டாட்சியின் அரசியலமைப்பே என்று விளக்கியதால் அத்தடை வலுவிழந்தது. ஜனாதிபதி வில்சன் தந்தியடித்துக் கேட்டுக்கொண்டார். ஆளுநர் அல்பேர்ட் ரொபேர்ட்ஸ் ஓகஸ்ட் 9ஆம் திகதி விசேட கூட்டத்தொடரைக் கூட்டினார்.

நாஷ்வில் நகரம் திருவிழாக்கோலம் பூண்டது. ஆதரவாளர்களுக்கு மஞ்சள் ரோஜா, எதிர்ப்பாளர்களுக்குச் சிவப்பு ரோஜா. வாக்குரிமை இயக்கத்தின் தலைவி கெரி சப்மன் கற் அம்மையாரும் எதிரணியின் தலைவி ஜோசபின் பியர்சனும் தங்கியிருந்தது ஒரே ஹோட்டலில். மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்திலேயே அந்த ஹேர்மிற்றேஜ் ஹோட்டலின் மேல்மாடி அறையொன்றில் உறுப்பினர்களுக்கு இரவு பகலாக விஸ்கி ஊற்றிக் கொடுக்கப்பட்டது. ஆதரவு தருவதாக வாக்களித்திருந்த பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் சேத் வோக்கர் கூட்டத்தொடர் தொடங்கும் வேளையில் மறுபக்கம் தாவினார். அவர் ஒரு புகையிரதக் கம்பெனியின் சட்டத்தரணியாகவும் இருந்தவர் என்பதால் மாடத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் தேடவேண்டிய சிரமம் இருந்திராது.

செனட் சபை ஓகஸ்ட் 13ஆம் திகதி 25க்கு 4 என்ற கணக்கில் திருத்தத்தை அங்கீகரித்தது. எதிர்த்துப் பேசியவர்களில் மிகக் கடுமையாகப் பேசியவர் பேர்னின் ஆசானான காண்ட்லர். அந்த உரையைப் பத்திரிகையில் வாசித்த பெப் அம்மையார் மகனுக்கு ஏழு பக்கத்தில் கடிதம் எழுதினார். காண்ட்லரின் பேச்சு கசப்பு நிறைந்ததாக இருந்தது என்பதைக் குறிப்பிட்டார். மகன் என்ன நிலைப்பாட்டை எடுத்திருக்கிறான் என்று பத்திரிகைகளில் தேடிப்பார்த்ததாகவும் எதையும் காணவில்லை என்றும் எழுதினார். வாக்குரிமைக்கு ஆதரவளிக்குமாறும் அவர்களைச் சந்தேகத்தில் வைத்திருக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நல்ல பிள்ளையாக இருந்து கற் அம்மையாருக்கு உதவி செய் என்று முடியும் இடத்தில் அந்த அம்மையாரின் பெயரை வைத்து ஒரு சிலேடையும் உண்டு. ஆங்கிலத்தில் மாத்திரமே அது சிரிப்பைத் தரும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கடிதத்தின் மிகுதி வீட்டு விடயங்கள். ஏழு பக்கங்களில் வாக்குரிமைக்கு ஒதுக்கப்பட்டவை சில வரிகளே.

இனி, 1920 ஓகஸ்ட் 18ஆம் திகதி காலை நடந்தவற்றை ஒழுங்காகப் பார்க்கவேண்டும். நாம் கேட்டுப் பழகிய கதை தவறவிடுவது இந்த ஒழுங்கைத்தான்.

அன்று சபையில் முதலில் வந்தது திருத்தத்தை அங்கீகரிப்பதா இல்லையா என்ற வாக்கெடுப்பு அல்ல. தமது கையில் போதிய வாக்குகள் இருப்பதாக நம்பிய வோக்கர், பிரேரணையை 'மேசைமீது வைத்துவிடும்படி' ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். அமெரிக்க சட்டசபைகளின் பாஷையில் அதற்குக் கிடப்பில் போடுதல் என்று அர்த்தம். சமுகமளித்திருந்த 96 உறுப்பினர்களில் பேர்ன் கிடப்பில் போடுவதற்கு ஆதரவாக வாக்களித்தார். முடிவு 48க்கு 48. மீண்டும் ஒரு தடவை பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தார்கள். பேர்ன் மீண்டும் அவ்வாறே வாக்களித்தார். மீண்டும் 48க்கு 48. பிரேரணை சமநிலையில் தோற்றது.

கடிதம் ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும்போதே இரண்டு தடவைகள் அவர் தாயின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். தாயின் சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால் இந்த இரண்டு வாக்குகளையும் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

என் வாசிப்பு இது. பேர்ன் பெண் வாக்குரிமையை எதிர்த்தவர் அல்லர். நவம்பரில் மறுதேர்தலை எதிர்நோக்கியிருந்த, தொகுதி மக்கள் எதிர்க்கிறார்கள் என்று கட்சித் தலைவர்களால் நம்பவைக்கப்பட்ட ஓர் இளம் அரசியல்வாதி. விவகாரம் தேர்தலுக்குப் பின்னர் வரை தள்ளிப்போனால் நல்லது என்று விரும்பியிருப்பார். ஆதரவு கோரி வந்த பெண்களிடம், உறுதிமொழி தரமுடியாது, ஆனால் உங்களுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்ற பொருள்பட அவர் சொல்லியிருந்ததாகவும் பதிவுண்டு. வழுக்கிச் செல்லும் பதில்தான். அரசியல்வாதிகள் இப்படிப் பேசி நாம் எத்தனை தடவைகள் கேட்டிருக்கிறோம்! கிடப்பில் போடுவது என்பது ஒளிந்துகொள்வதற்கு ஓர் இடம். இரண்டு தடவைகள் அவர் அங்கு ஒளிந்துகொள்ள முயன்றார். அந்த இடம் இல்லாமற் போய், திருத்தத்தை ஏற்கிறாயா இல்லையா என்ற நேரடிக் கேள்வி வந்தபோது அவரால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை.

அகரவரிசையில் அவரது பெயர் முன்னதாகவே வந்தது. 'ஆம்' என்று சொல்லிவிட்டார். பலருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. விழுந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆயினும், அன்றைய வெற்றி பேர்ன் ஒருவரால் மாத்திரம் வந்ததல்ல. பாங்க்ஸ் ரேர்னர் என்று ஒருவர் இருந்தார். மேற்கு டெனசியைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர். கிடப்பில் போடும் பிரேரணைக்கு எதிராக அவர் வாக்களித்ததாலேயே 48க்கு 48 என்ற சமநிலை உண்டானது. இரண்டாவது வாக்கெடுப்பின்போது சபாநாயகர் வோக்கர் தமது ஆசனத்திலிருந்து இறங்கிவந்து ரேர்னரின் தோளில் கைபோட்டுக் காதோடு காதாக மன்றாடிக்கொண்டிருந்தார். ரேர்னர் அசையவில்லை. இறுதி வாக்கெடுப்பில் தமது பெயர் கூப்பிடப்பட்டபோது மௌனமாக இருந்துவிட்டு, எல்லோரும் வாக்களித்து முடிந்த பின்னர் எழுந்து 'ஆம்' என்று பதியச்செய்தார். 49க்கு 47. சபையில் ஆதரவு அணியைக் கட்டிக்காத்தவர் ஜோசப் ஹனோவர் என்ற மெம்பிஸ் பிரதிநிதி. சிறுவயதில் போலந்திலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தவர். அந்த நாட்களில் மெய்க்காவலருடன் நடமாடவேண்டியிருந்தது. ரேர்னருக்கும் ஹனோவருக்கும் தாயின் கடிதம் கிடைக்கவில்லை. ஆகையால், பத்திரிகைகளும் அவர்களை மறந்துவிட்டன.

அதன் பின்னர் நடந்தது விதியின் விளையாட்டு. தோற்ற தரப்பைச் சேர்ந்தவர்கள் மறுபரிசீலனை கோரமுடியாது என்பது விதி. எனவே, மறுபரிசீலனைக்கு வழிதேடிய வோக்கர் தமது வாக்கை 'ஆம்' என்று மாற்றிக்கொண்டார். எண்ணிக்கை 50க்கு 46 ஆகியது. 99 ஆசனங்கள் கொண்ட சபையில் 50 என்பது முழுமையான பெரும்பான்மை. அதாவது, திருத்தம் சட்டப்படி செல்லாது என்று பின்னர் வாதாடுவதற்கு இருந்த ஒரு பலமான காரணத்தை எதிரணித் தலைவரே தமது கையால் அழித்துவிட்டார்.

மறுநாள் பேர்ன்மீது இலஞ்சக் குற்றச்சாட்டு வந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன அந்த நான்கு காரணங்களில் ஒன்று. சத்தியக்கடதாசிகளும் முளைத்தன. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அவர் அதை எதிர்கொண்ட முறைதான் என் கவனத்தை ஈர்த்தது. எழுந்து நின்று குற்றச்சாட்டை மறுத்தார். தாம் ஏன் வாக்கை மாற்றினார் என்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்தி எழுதிச் சபையின் பதிவேட்டில் சேர்க்கச்செய்தார். முதலாவது, முழுமையான வாக்குரிமை ஓர் உரிமை என்று தாம் நம்புவது. இரண்டாவது, திருத்தத்தை அங்கீகரிக்கும் தார்மீக, சட்ட உரிமை சபைக்கு உண்டு என்பது. தாயின் ஆலோசனை மகனுக்கு எப்போதும் பாதுகாப்பானது என்பது மூன்றாவது. 1 கோடியே 70 இலட்சம் பெண்களை அரசியல் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் அரிய வாய்ப்புத் தமக்குக் கிடைத்தது என்பது நான்காவது.

மூன்றாவதாக இருந்ததைத் தலைப்பாக்கியவர்கள் எமது தொழிலைச் சேர்ந்தவர்கள். குறைசொல்லமாட்டேன்; அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஐந்தாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் அதைத் தவிர்த்துவிடுகின்றன. நாடளாவிய பெண் வாக்குரிமையைச் சாத்தியமாக்கியவர் கிழக்கு டெனசி மலைகளைச் சேர்ந்த ஒரு குடியரசுக் கட்சிக்காரர் என்று தமது கட்சி பெருமை பேசவேண்டும் என அவர் விரும்பினாராம். அந்த மலைப்பகுதியை உலகிலேயே கலப்பற்ற ஆங்கிலோ-சாக்சன் பகுதி என்றும் அதே வசனத்தில் வர்ணித்தார். ஒரு கையால் உரிமையைக் கொடுத்துக்கொண்டு மறு கையால் இரத்தத்தின் தூய்மையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். 1920இல் தெற்கு அமெரிக்காவின் வெள்ளையர் ஒருவருக்கு அதில் முரண்பாடு தென்படவில்லை. எமக்குத் தென்படாமல் இருக்கமுடியாது. அந்தத் திருத்தம் காகிதத்தில் எல்லாப் பெண்களுக்கும் உரியது. தெற்கின் பல மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் தலைவரியாலும் எழுத்தறிவுப் பரீட்சையாலும் நேரடி மிரட்டலாலும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை தடுக்கப்பட்டே இருந்தனர். இத்தனைக்கும் அதே ஆண்டு மே மாதத்தில் அதே சட்டசபை மண்டபத்தில் நின்று வெள்ளையினப் பெண்களின் கூட்டத்தில் உரையாற்றிய கறுப்பினப் பெண்மணி பிராங்கி பியர்ஸ். அவருடைய பெயரும் கடிதக் கதையில் வருவதில்லை.

தோல்வியை ஏற்கமறுத்த எதிரணியினர், சபை கூடுவதற்கு வேண்டிய எண்ணிக்கை இல்லாமற் செய்வதற்காக எல்லைதாண்டி அலபாமா மாநிலத்தின் டெக்கேற்றர் நகருக்கு ஓடினார்கள். பயனில்லை. ஆளுநர் ஓகஸ்ட் 24இல் ஒப்பமிட்டார். 26இல் வாஷிங்டனில் பிரகடனம் செய்யப்பட்டது. 1922 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அங்கீகாரம் செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையில் லூசியானா மாநில முன்னாள் ஆளுநரின் மனைவி நயோட்டாவுக்கு நேரில் சென்று, கடிதம் போலியானது என்று பெப் அம்மையாரிடம் எழுதி வாங்க முயன்றார். அம்மையார் மறுத்துவிட்டு, கடிதம் தாம் எழுதியதே என்று நாஷ்விலுக்குத் தந்தி கொடுத்தார். மகனின் வாக்குக்கு இருந்ததைவிடத் தாயின் இந்தத் தந்திக்குக் கூடுதலான துணிவு தேவைப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் தொடர்ந்தும் அந்த ஊரிலேயே வாழவேண்டியவர். பக்கத்தில் நின்று கைதட்ட எவரும் இல்லை.

ஆளுநர் ரொபேர்ட்ஸ் நவம்பர் தேர்தலில் தோற்றார். பேர்ன் குறைந்த பெரும்பான்மையில் வென்றார். 1923இல் சட்டத்தரணியானார். 1930இல் ஆளுநர் பதவிக்கான கட்சி நியமனத்தைப் பெறமுயன்று தோற்றார். 1949 தொடக்கம் 1953 வரை மாநில செனட்டில் இருந்தார். ரொக்வூட் நகரில் ஒரு வங்கியின் தலைவராகவும் இருந்தார். பெரிய பதவி எதுவும் தேடிவரவில்லை. 24 வயதில் செய்த ஒரு காரியத்தின் நிழலில் மேலும் 57 ஆண்டுகள் வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

இரண்டு விடயங்களை மாத்திரம் சேர்த்துக்கொள்கிறேன். பெப் அம்மையார் 1945இல் காலமானார். அதற்கு மறுவருடம், 1946 ஓகஸ்ட் 1ஆம் திகதி, அதே மக்மின் மாவட்டத்தின் தலைநகரான ஏதன்ஸில் தேர்தல் நடந்தது. ஆட்சியில் இருந்த கும்பலின் பொலிஸார் வாக்குப்பெட்டிகளைச் சிறைச்சாலைக்குள் கொண்டுசென்று பூட்டிவைத்துக்கொண்டனர். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பியிருந்த படைவீரர்கள் ஆயுதமேந்திச் சிறைச்சாலையை முற்றுகையிட்டு, சுட்டும் வெடிவைத்தும் பெட்டிகளை மீட்டார்கள். வாக்குரிமை வழங்கப்பட்டு 26 ஆண்டுகள் கழித்து, அதை வழங்க உதவியவரின் சொந்த மாவட்டத்தில் வாக்குகளை எண்ணுவிப்பதற்குத் துப்பாக்கி தேவைப்பட்டது. அந்தப் படைவீரர்களின் செயலை நான் மெச்சவில்லை; ஆனால், வாக்குப்பெட்டிகள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்ற அனுபவமுள்ள எவருக்கும் அவர்களின் கோபத்தை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்காது.

மற்றையது, 1953இல் டெனசியின் அரசியலமைப்பைத் திருத்துவதற்குக் கூடிய மாநாடு. வாக்களிப்பதற்குத் தலைவரி கட்டவேண்டும் என்ற ஏற்பாட்டை அரசியலமைப்பிலிருந்து நீக்குவதற்கு அந்த மாநாடு பிரேரித்தது. மக்களும் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டார்கள். ஏழைகளையும் குறிப்பாகக் கறுப்பினத்தவர்களையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திய வரி அது. அந்த மாநாட்டின் பிரதிநிதிகளில் ஒருவர், அப்போது 57 வயதான ஹரி பேர்ன். அதன் பின்னர் 1959, 1965, 1971 மாநாடுகளிலும் அவர் கலந்துகொண்டார். இதைப் பற்றி எவரும் சிலை வைக்கவில்லை. நொக்ஸ்வில் நகரில் 2018இல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலை தாயையும் மகனையும் காட்டுகிறது.

அவர் 1977 பெப்ரவரி 19ஆம் திகதி நயோட்டாவில் காலமானார். பெப் அம்மையாரின் கடிதம் அதே நொக்ஸ்வில் நகரின் பொது நூலகத்தில், அவருடைய ஆவணங்களோடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பென்சிலால் எழுதப்பட்ட ஏழு பக்கங்கள்.